பேக்கெட் சுவிட்சிங் வேன் நெட்வொர்க்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்கள்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளை இணைக்கும் லேன் (LAN) பகுதி வரை யாருக்கும் பெரிய சிக்கல் இருப்பதில்லை. ஊர்களுக்கு இடையே போகும் வேன் (WAN) நெட்வொர்க்கைத் தொட்டதும் அதே சந்தேகங்கள் ஏறக்குறைய அதே சொற்களில் வந்துவிடும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் வருபவைதான் அடிப்படை.

1. லேனுக்கும் வேனுக்கும் தூரம் மட்டும்தானே வித்தியாசம்?

தூரமும் ஒரு வித்தியாசம்தான். ஆனால் அதைவிட முக்கியம், லைன் யாருடையது என்பது. லேனில் கேபிளும் சுவிட்சும் உங்களுடையவை. வேகம் போதவில்லை என்றால் இன்னொரு கேபிள் இழுத்துவிடலாம். வேனில் ஊரையும் நாட்டையும் கடலையும் தாண்டிப் போகும் லைன் சேவை நிறுவனத்துடையது. அதில் ஒரு பங்கை நீங்கள் வாடகைக்கு எடுக்கிறீர்கள்.

அதனால் வேன் தொழில்நுட்பங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: விலை அதிகமான லைனைப் பலர் எப்படிப் பகிர்ந்துகொள்வது? எக்ஸ்.25, ஃபிரேம் ரிலே, ஏடிஎம் (பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை, ஒரு நெட்வொர்க் முறை), எம்பிஎல்எஸ் (MPLS) எல்லாம் அந்தந்தக் காலத்து லைனையும் கருவிகளையும் வைத்து அதற்குச் சொன்ன பதில்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

2. பேக்கெட் சுவிட்சிங்னா என்ன? போன் கால் போற மாதிரிதானே டேட்டாவும் போகுது?

பழைய தொலைபேசி நெட்வொர்க்கில் ஒரு அழைப்பு இணைந்ததும் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு பாதை ஒதுக்கப்படும். டிஜிட்டல் ஆனபின் அந்த ஒதுக்கீடு ஒவ்வொரு திசையிலும் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 ஆயிரம் பிட்). நீங்கள் பேசினாலும் சும்மா இருந்தாலும் அது உங்களுடையதுதான், வேறு யாரும் தொட முடியாது. இதற்குப் பெயர் சர்க்யூட் சுவிட்சிங்.

கணினி அப்படிப் பேசுவதில்லை. ஒரு நொடி கொட்டும், அப்புறம் பத்து நொடி மௌனமாக இருக்கும். அந்த மௌனத்துக்கும் சேர்த்து லைனை ஒதுக்கி வைப்பது வீண். அதனால் தரவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முன்னாலும் எங்கே போக வேண்டும் என்ற விவரத்தை ஹெட்டராக ஒட்டி அனுப்புகிறார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் துண்டை முழுதாக வாங்கி, ஹெட்டரைப் படித்து, அடுத்த லைன் காலியானதும் அனுப்பும். இந்தத் துண்டுதான் பேக்கெட்.

1960களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் பால் பாரனும், பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியாக இந்த யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். பேக்கெட் என்ற பெயர் டேவிஸ் வைத்தது. இந்த முறையில் கட்டப்பட்ட, இன்டர்நெட்டின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் முதல் செய்தி 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்துக்குப் போனது.

3. பலபேர் ஒரே லைனைப் பகிர்ந்தா எல்லாருக்கும் வேகம் குறைஞ்சிடாதா?

எல்லோரும் ஒரே நொடியில் கொட்டினால் குறையும். அப்படி நடப்பது அரிது என்பதை நம்பித்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. 20 கிளைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் உச்சத்தில் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 லட்சம் பிட்) கேட்கும், சராசரியில் அதில் பத்தில் ஒரு பங்குதான். சர்க்யூட் முறையில் 40 எம்பிபிஎஸ் ஒதுக்க வேண்டும். பேக்கெட் முறையில் சராசரி மொத்தம் 4 எம்பிபிஎஸ்தான் என்பதால் 10 எம்பிபிஎஸ் லைன் ஒன்றே பெரும்பாலும் தாராளமாகப் போதும். யாராவது ஒருவர் கொட்டும்போது மற்றவர்கள் சும்மா இருந்தால், சர்க்யூட் முறையில் கிடைக்கும் 2 எம்பிபிஎஸ்ஸைவிட அதிகமாகவே அவருக்குக் கிடைக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை, வரிசையில் காத்திருப்பது. லைன் நிரம்ப நிரம்ப இந்தக் காத்திருப்பு சீராக அதிகரிக்காது, கடைசியில் எகிறும். பேக்கெட்டுகள் ஒழுங்கில்லாமல் வந்து சேரும் ஒரு எளிய கணித மாதிரியில், காலியான லைனோடு ஒப்பிட்டால் பாதி நிரம்பிய லைனில் ஒரு பேக்கெட் கடக்க 2 மடங்கு நேரம் ஆகும். 90 சதவீதம் நிரம்பினால் 10 மடங்கு, 95 சதவீதத்தில் 20 மடங்கு. ‘லைன் இன்னும் நூறு சதவீதம் ஆகலையே, ஏன் எல்லாரும் புகார் சொல்றாங்க?’ என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

4. கண்ணாடி இழையில ஒளி வேகத்துலதானே போகுது? அப்புறம் தாமதம் எங்கிருந்து வருது?

இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், வெற்றிடத்து வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக 1,000 கிலோமீட்டருக்கு ஒரு வழியில் 5 மில்லி செகண்ட். எவ்வளவு காசு கொடுத்தாலும் இதைக் குறைக்க முடியாது. பாதையைத்தான் சுருக்கலாம்.

அடுத்தது, பேக்கெட்டை லைனில் ஏற்றவே ஆகும் நேரம். 1,500 பைட் என்பது 12,000 பிட். இதை 64 கேபிபிஎஸ் லைனில் ஏற்ற 187 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். 10 எம்பிபிஎஸ்ஸில் 1.2 மில்லி செகண்ட். 1 ஜிபிபிஎஸ்ஸில் 12 மைக்ரோ செகண்ட். இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 9ஆவது கேள்வியில் வேண்டியிருக்கும். மூன்றாவது, மேலே சொன்ன வரிசைக் காத்திருப்பு. ரவுட்டர் ஹெட்டரைப் படித்து முடிவெடுக்கும் நேரமும் உண்டு, இன்றைய கருவிகளில் அது கணக்கிலேயே வராத அளவுக்குச் சிறியது.

‘வேகமான லைன் வாங்கினேன், தாமதம் குறையவில்லை’ என்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. வேகமான லைன் ஏற்றும் நேரத்தையும் வரிசையையும் குறைக்கும், தூரத்தைக் குறைக்காது.

5. சர்க்யூட் வேண்டாம்னுதானே பேக்கெட்டுக்கு வந்தோம்? மறுபடி விர்ச்சுவல் சர்க்யூட்னு ஏன் சொல்றாங்க?

நியாயமான கேள்வி. இந்தப் பாடத்தின் நடு முடிச்சே இதுதான்.

பேக்கெட்டை அனுப்ப இரண்டு வழி உண்டு. முதல் வழியில் ஒவ்வொரு பேக்கெட்டிலும் போய்ச்சேர வேண்டிய முழு முகவரி இருக்கும். வழியில் உள்ள ரவுட்டர் ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் புதிதாக முடிவெடுக்கும். முன்னால் போன பேக்கெட்டைப் பற்றி அது எதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. இது டேட்டாகிராம். பிரான்சில் 1970களின் தொடக்கத்தில் லூயி பூசான் கட்டிய சிக்ளாத் நெட்வொர்க் இந்த வழியைப் பிடித்தது. இன்றைய இன்டர்நெட்டின் அடிப்படை விதிமுறையான ஐபி (IP) அதன் வழித்தோன்றல்.

இரண்டாவது வழியில், தரவு போவதற்கு முன்பே பாதை முடிவாகிவிடும். பாதையில் உள்ள ஒவ்வொரு சுவிட்சின் அட்டவணையிலும் ஒரு வரி எழுதப்படும்: ‘1ஆம் போர்ட்டில் 102 என்ற எண்ணோடு வந்தால், 4ஆம் போர்ட்டில் 57 என்று மாற்றி அனுப்பு.’ அப்புறம் வரும் பேக்கெட்டுகளில் முழு முகவரி வேண்டாம், அந்தச் சின்ன எண் போதும். இதுதான் விர்ச்சுவல் சர்க்யூட். முன்கூட்டியே நிர்வாகி எழுதி வைத்தால் நிரந்தர சர்க்யூட், தேவைப்படும்போது அழைத்து ஏற்படுத்திக்கொண்டால் அழைப்பு சர்க்யூட்.

பழைய சர்க்யூட்டில் லைனின் கொள்ளளவு ஒதுக்கப்பட்டது. இங்கே ஒதுக்கப்படுவது அட்டவணையில் ஒரு வரி மட்டும்தான். நீங்கள் எதுவும் அனுப்பாதபோது லைன் முழுவதும் மற்றவர்களுக்குப் போகும், ஆகவே 3ஆவது பதிலில் சொன்ன பகிர்வு லாபம் அப்படியே கிடைக்கிறது. பேக்கெட்டுகள் போன வரிசையிலேயே வந்து சேரும் என்பது கூடுதல் வசதி. நடுவில் ஒரு சுவிட்ச் விழுந்துவிட்டால் அதன் வழியே போன எல்லா சர்க்யூட்டையும் மறுபடி அமைக்க வேண்டும் என்பது சங்கடம். டேட்டாகிராமில் ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வேறு வழியில் திருப்பிவிடும், முனைகளுக்குத் தெரியக்கூட வேண்டாம்.

6. ஃபிரேம் ரிலேல ரெண்டு முனையிலும் டிஎல்சிஐ எண் ஒண்ணா இருக்கணுமா?

வேண்டாம். டிஎல்சிஐ (DLCI) என்பது ஃபிரேம் ரிலேயில் விர்ச்சுவல் சர்க்யூட்டைக் குறிக்கும் அந்தச் சின்ன எண்தான். மேலே உள்ள உதாரணத்தில் 102 உள்ளே வந்து 57 ஆக வெளியே போனதைப் பாருங்கள். அந்த எண் ஒரு லைனுக்குள் மட்டும்தான் பொருள் தரும். அடுத்த லைனில் வேறு எண். ஃபிரேம் ரிலேயின் டிஎல்சிஐ வழக்கமாக 10 பிட், அதாவது 1,024 எண்கள், அதிலும் சில தனி வேலைக்கு ஒதுக்கப்பட்டவை. உலகம் முழுவதற்கும் ஒரே எண் என்றால் இது எப்படிப் போதும்? ஒவ்வொரு லைனுக்கும் தனியாக என்பதால்தான் போதுகிறது. இங்கே புரிந்துகொண்டால் எம்பிஎல்எஸ் லேபிளும் பாதி புரிந்த மாதிரி.

7. எக்ஸ்.25 ஏன் அவ்வளவு மெதுவா இருந்தது? சரியா வடிவமைக்கலையா?

அதன் காலத்துக்கு மிகச் சரியாகவே வடிவமைத்தார்கள். 1976இல் சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பின் பிரிவான சிசிஐடிடி அதைத் தரமாக ஏற்றபோது லைன்கள் பெரும்பாலும் செம்புக் கம்பிகள், இரைச்சல் அதிகம், பிட்டுகள் அடிக்கடி கெடும். முனையில் இருந்ததும் பெரும்பாலும் யோசிக்கத் தெரியாத டெர்மினல். அதனால் பிழை திருத்தும் பொறுப்பை நெட்வொர்க்கே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சுவிட்சும் தான் அனுப்பியதன் பிரதியை, அடுத்த சுவிட்ச் ‘நல்லபடியாக வந்தது’ என்று சொல்லும்வரை வைத்திருக்கும். கெட்டுப்போனால் அங்கேயே மறுபடி அனுப்பும். பத்து சுவிட்ச் என்றால் பத்து முறை இந்தச் சடங்கு.

பிரான்சின் டிரான்ஸ்பாக் நெட்வொர்க் 1978இல் எக்ஸ்.25இல் தொடங்கியது. லட்சக்கணக்கான வீடுகளில் இருந்த மினிடெல் சேவை அதன் மேல்தான் ஓடி 2012இல் நின்றது. மோசமாக வடிவமைத்த ஒன்று அத்தனை ஆண்டு ஓடாது.

கண்ணாடி இழை வந்ததும் லைனில் பிழை மிகவும் அரிதானது. முனையில், தரவு சரியாக வந்ததா என்று பார்க்கும் டிசிபி (TCP) என்ற விதிமுறை ஓடும் கணினிகள் வந்தன, அவை தாமே சரிபார்த்துக்கொண்டன. ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பது தேவையற்ற சுமையானது. ஃபிரேம் ரிலே செய்ததெல்லாம் அந்தச் சுமையை இறக்கி வைத்ததுதான். ஃபிரேமில் (லைனில் போகும் துண்டில்) பிழை இருந்தால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். மறுபடி அனுப்புவது முனைகளின் பாடு.

8. சிஐஆர் 256 கேபிபிஎஸ்தான் வாங்கினோம், சில நேரம் 512 போகுது. இது எப்படி?

சிஐஆர் என்பது சேவை நிறுவனம் உறுதி தரும் வேகம். உங்கள் போர்ட்டின் வேகம் அதைவிட அதிகமாக இருக்கலாம். உறுதிக்கு மேல் போகும் ஃபிரேம்களில் நெட்வொர்க் ஒரு பிட்டை ஏற்றி வைக்கும்: ‘நெரிசல் வந்தால் முதலில் இதைத் தூக்கிப் போடலாம்.’ லைன் காலியாக இருந்தால் அதுவும் போய்ச் சேரும், நீங்கள் பார்த்த 512 அதுதான். நெரிசல் வரும்போது போகிற பக்கம் ஒரு பிட்டும் திரும்புகிற பக்கம் ஒரு பிட்டும் ஏற்றி முனைகளை எச்சரிக்கும். ஆனால் பல முனைக் கருவிகள் அந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்வதே இல்லை.

அந்த உபரியை நம்பித் திட்டம் போடாதீர்கள். இன்றைய சேவைகளில் பெயர் மாறியிருக்கலாம், உறுதி வேகம், உச்ச வேகம் என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. ஒப்பந்தத்தில் உறுதி வேகம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

9. ஏடிஎம் செல் ஏன் 53 பைட்? யாரு இந்த எண்ணைப் பிடிச்சாங்க?

ஹெட்டர் 5, தரவு 48. ஏடிஎம்மின் நோக்கம் குரலையும் தரவையும் ஒரே லைனில் கொண்டுபோவது. ஒரு பெரிய தரவு பேக்கெட் லைனை அடைத்துக்கொண்டால் பின்னால் நிற்கும் குரல் துண்டு காத்திருக்க வேண்டும். எல்லாத் துண்டும் சின்னதாக, ஒரே அளவாக இருந்தால் காத்திருப்புக்கு ஒரு வரம்பு கிடைக்கும். அளவு எவ்வளவு என்பதில் தகராறு. 64 கேபிபிஎஸ் குரலில் 32 பைட் சேர 4 மில்லி செகண்ட் ஆகும், 64 பைட் சேர 8. ஐரோப்பியர்கள் எதிரொலிச் சிக்கல் வராமல் இருக்க 32 கேட்டார்கள், அமெரிக்கர்கள் ஹெட்டர் சுமை குறைய 64 கேட்டார்கள். நடுவில் வெட்டி 48 ஆனது.

அதன் விளைவைத் தரவு தாங்க வேண்டியிருந்தது. 1,500 பைட் பேக்கெட் ஒன்று 32 செல்லாக உடையும், லைனில் 1,696 பைட் பிடிக்கும். அதில் ஒரே ஒரு செல் தொலைந்தாலும் முழு பேக்கெட்டும் வீண். இப்போது 4ஆவது பதிலின் எண்களைப் பாருங்கள். 64 கேபிபிஎஸ்ஸில் ஒரு பெரிய பேக்கெட் 187 மில்லி செகண்ட் அடைத்தது உண்மையான பிரச்சினை. 1 ஜிபிபிஎஸ்ஸில் அது 12 மைக்ரோ செகண்ட், குரலுக்குத் தெரியவே தெரியாது. லைன் வேகமானபோது, செல்லாக உடைக்க வேண்டிய முக்கியமான காரணம் போய்விட்டது. ஏடிஎம் பின்வாங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனக்கு முதலாவதாகப் படுவது இது.

10. எம்பிஎல்எஸ்னா வேகமான ரவுட்டிங்தானே?

தொடங்கியபோது அப்படியும் ஒரு ஆசை இருந்தது. நீளமான முகவரி அட்டவணையில் தேடுவதைவிடச் சின்ன லேபிளைத் தேடுவது எளிது என்பது வாதம். பிறகு சிப்புகளே முகவரித் தேடலை லைன் வேகத்தில் செய்யத் தொடங்கிவிட்டதால் அந்த வாதம் மங்கியது. 2001இல் தரமாக வெளிவந்த எம்பிஎல்எஸ் நிலைத்தது வேறு காரணங்களால்.

ஐபி பேக்கெட்டின் முன்னால் 32 பிட் ஒட்டப்படும்: அதில் 20 பிட் லேபிள், 3 பிட் முன்னுரிமை, 1 பிட் ‘இதுதான் கடைசி லேபிள்’ என்ற குறி, 8 பிட் ஆயுள் எண்ணிக்கை. ஒவ்வொரு கட்டத்திலும் லேபிள் மாறுவது 6ஆவது பதிலில் பார்த்த கதையேதான். பாதை கண்டுபிடிக்கும் வேலையை மட்டும் ஐபி ரவுட்டிங்கே செய்கிறது. டேட்டாகிராமின் தானாகத் திரும்பும் குணமும் விர்ச்சுவல் சர்க்யூட்டின் கட்டுப்பாடும் ஒன்றாகக் கிடைக்கின்றன. லேபிளின் மேல் லேபிள் அடுக்கலாம் என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய வசதி.

11. ரெண்டு கம்பெனியும் உள்ளே 10.1.1.0 முகவரிதான் வெச்சிருக்கு. ஒரே எம்பிஎல்எஸ் நெட்வொர்க்ல குழம்பாதா?

குழம்பாது. சேவை நிறுவனத்தின் விளிம்பு ரவுட்டரில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ரவுட்டிங் அட்டவணை இருக்கும். அங்கே பேக்கெட்டுக்கு இரண்டு லேபிள் ஒட்டப்படும். வெளி லேபிள் எந்த விளிம்பு ரவுட்டருக்குப் போக வேண்டும் என்று சொல்லும். உள் லேபிள் அங்கே போனபின் எந்த வாடிக்கையாளருக்கு என்று சொல்லும். நடுவில் உள்ள ரவுட்டர்கள் வெளி லேபிளை மட்டும்தான் பார்க்கும். வாடிக்கையாளர் முகவரியே அவற்றுக்குத் தெரியாது, அதனால் எத்தனை ஆயிரம் வாடிக்கையாளர் சேர்ந்தாலும் நடு ரவுட்டரின் அட்டவணை வீங்காது.

இன்னொரு லாபமும் உண்டு. ஃபிரேம் ரிலேயில் 20 கிளைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச 190 சர்க்யூட் வேண்டும். இங்கே கிளைக்கு ஒரு இணைப்பு, அவ்வளவுதான்.

12. எம்பிஎல்எஸ் விபிஎன்னு பேரு இருக்கே, அப்போ என்க்ரிப்ட் ஆகிதானே போகும்?

இல்லை. விபிஎன் என்பது பலர் பகிரும் நெட்வொர்க்குக்குள் உங்களுக்கெனப் பிரித்துத் தரும் நெட்வொர்க். பிரிப்பு உண்டு, மறைப்பு கிடையாது. பேக்கெட் வந்தபடியே திறந்துதான் போகிறது. ரகசியம் முக்கியம் என்றால் மேலே ஐபிசெக் போன்ற என்க்ரிப்ஷன் முறையை நீங்கள்தான் போட வேண்டும்.

13. 100 எம்பிபிஎஸ் லைன் காலியா இருக்கு. ஆனா தூரத்து சர்வர்ல இருந்து கோப்பு 5 எம்பிபிஎஸ் மேல வரவே மாட்டேங்குது. லைன் பொய்யா?

லைனைக் குற்றம் சொல்லும் முன் பெருக்கிப் பாருங்கள். டிசிபி ஒரு அளவு தரவை அனுப்பிவிட்டு ‘வந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும். அந்த அளவுக்கு விண்டோ என்று பெயர். பழைய அமைப்பில் அதன் உச்சம் 65,535 பைட். போய்வர 100 மில்லி செகண்ட் ஆனால், நொடிக்குப் பத்து விண்டோதான் போகும், ஆக 5.2 எம்பிபிஎஸ். லைன் 100 ஆக இருந்தாலும் 1,000 ஆக இருந்தாலும் இதே எண்தான்.

100 எம்பிபிஎஸ் லைனை 100 மில்லி செகண்ட் தூரத்தில் நிரப்ப 1.25 எம்பி தரவு வழியில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். விண்டோவைப் பெரிதாக்கும் வசதி 1992இலேயே தரமாகிவிட்டது, இன்றைய கணினிகள் தாமே அதைச் செய்கின்றன. ஆனால் பழைய சர்வர், அல்லது நடுவில் அந்த வசதியை அழித்துவிடும் ஃபயர்வால் இருந்தால் இந்த 5 திரும்ப வரும். ஒரே நேரத்தில் நான்கு கோப்பு இறக்கிப் பாருங்கள். மொத்த வேகம் நான்கு மடங்கானால் காரணம் பெரும்பாலும் விண்டோதான்.

14. எஸ்டி-வேன் வந்தாச்சே, இனி எம்பிஎல்எஸ் எதுக்கு?

எஸ்டி-வேன் புதிய லைன் எதையும் கொண்டுவரவில்லை. உங்களிடம் இருக்கும் இரண்டு மூன்று லைன்களின் மேல், பெரும்பாலும் சாதாரண இன்டர்நெட் லைன்களின் மேல், என்க்ரிப்ட் செய்த சுரங்கங்களை (ஒரு பேக்கெட்டை இன்னொரு பேக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் பாதைகளை) அமைத்து, தாமதத்தையும் இழப்பையும் அளந்துகொண்டே எந்தப் பயன்பாடு எதில் போகலாம் என்று முடிவெடுக்கும். அடியில் ஓடுவது 3ஆவது பதிலின் பகிர்வேதான், அங்கே உங்களுக்கு உறுதி எதுவும் இல்லை. இரண்டு லைனும் ஒரே நேரத்தில் நெரிந்தால் எஸ்டி-வேனால் நெரிசலைச் சொல்ல முடியும், தீர்க்க முடியாது.

இணையச் சேவைகளையே பெரும்பாலும் பயன்படுத்தும் கிளைக்கு எஸ்டி-வேன் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. குரலும் இடைவிடாத கட்டுப்பாட்டுத் தரவும் ஓடும் இடத்தில் ஒரு எம்பிஎல்எஸ் லைனையாவது வைத்திருக்கச் சொல்வேன். இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள்: இரு லைனும் இரு நிறுவனத்திடம் வாங்கியது என்றாலும், கட்டடத்துக்குள் ஒரே குழாய் வழியே வந்தால் ஒரே வெட்டில் இரண்டும் போகும்.

15. பிங் போகுது, லாகின் ஆகுது, பெரிய கோப்பைத் திறந்தா மட்டும் அப்படியே தொங்குது. பைத்தியம் பிடிக்குது!

உங்களுக்கு மட்டும் இல்லை, அனுபவசாலிகளையே நாள்கணக்கில் அலைக்கழிக்கும் பழுது இது. கவனிக்க வேண்டியது, போகிற பேக்கெட் எல்லாம் சின்னவை என்பதை. பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பேக்கெட்) இயல்பாக நூறு பைட்டுக்கும் குறைவு, டிசிபி இணைப்பைத் தொடங்கும் பேக்கெட்டுகளும் சின்னவை. கோப்பு வரத் தொடங்கும்போதுதான் 1,500 பைட் முழுப் பேக்கெட் கிளம்பும்.

வழியில் சுரங்கம் இருந்தால் அதன் ஹெட்டருக்கும் இடம் வேண்டும். ஜிஆர்இ (GRE) என்ற வகைச் சுரங்கம் 24 பைட் எடுத்துக்கொண்டால் மிச்சம் 1,476. முழுப் பேக்கெட் நுழையாது. அதில் ‘துண்டாக்காதே’ என்ற குறி இருந்தால் ரவுட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘சின்னதாக அனுப்பு’ என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும் முறை) செய்தி அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பி முழுவதையும் ஃபயர்வாலில் அடைத்திருந்தால் அந்தச் செய்தி அனுப்பியவருக்குப் போய்ச்சேராது. அவர் அதே பெரிய பேக்கெட்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருப்பார்.

சோதிக்க, துண்டாக்காதே குறியோடு 1,472 பைட் தரவு வைத்துப் பிங் செய்யுங்கள். ஹெட்டர்கள் 28 சேர்ந்து சரியாக 1,500 ஆகும். போகவில்லை என்றால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எங்கே பதில் வரத் தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு முனையிலிருந்தும் செய்து பாருங்கள், ஒரு திசையில் மட்டும் அடைப்பு இருக்கலாம். அளவு தெரிந்ததும், சுரங்கம் தொடங்கும் ரவுட்டரில் டிசிபியின் எம்எஸ்எஸ் (ஒரு பேக்கெட்டில் வைக்கும் தரவின் உச்சம்) அளவை அதைவிட 12 குறைத்து வையுங்கள். பிங்கில் 1,448 வரை பதில் வந்தால் சுரங்கம் 1,476 தாங்குகிறது என்று பொருள், எம்எஸ்எஸ் 1,436. ஃபயர்வாலில் அந்த ஒரு ஐசிஎம்பி வகையையாவது திறந்துவிடச் சொல்லுங்கள். டிசிபி அல்லாத போக்குவரத்துக்கு எம்எஸ்எஸ் மாற்றம் உதவாது.